வாசல் கேமராவை எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது?

கேமரா ஒரே நேரத்தில் எவ்வளவு அகலத்தைப் பார்க்கிறதோ அதுதான் பார்வைக் கோணம். லென்ஸின் குவியத் தூரம் (focal length) 2.8 மிமீ என்றால் வாசல் முழுக்க அகலமாகத் தெரியும், ஆனால் கேட்டில் நிற்பவர் முகம் சின்னதாகிவிடும். 6 மிமீ என்றால் குறுகலாகப் பார்த்து அந்த முகத்தைப் பெரிதாகக் காட்டும். காரணம் எளிது. படத்தில் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது, ஒரே கரண்டி மாவைப் பெரிய தோசையாக இழுத்தால் மெலிந்துபோகிற மாதிரி, அகலம் கூடக் கூட ஒரு முகத்துக்குக் கிடைக்கும் புள்ளிகள் குறையும்.

உயரம் 8 முதல் 10 அடி போதும், கைக்கு எட்டாது, முகமும் கிடைக்கும். கிழக்குப் பார்த்த வாசலில் நேராக வெளியே பார்த்து வைத்தால் காலை வெயிலில் வருகிறவர் கருப்பு உருவமாகத்தான் தெரிவார். கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, வானம் படத்தில் வராத அளவுக்குக் கீழே சாயுங்கள். அப்புறம், சன்ஷேடுக்கோ தூணுக்கோ ஒட்டி மாட்டாதீர்கள், இரவில் கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிப் படத்தையே வெளிற வைத்துவிடும் (சிலந்தி வலையும் இதே வேலையைச் செய்யும், அவ்வப்போது துடையுங்கள்). மாட்டுகிறவர் ஏணியில் இருக்கும்போதே போனில் படத்தைப் பாருங்கள், பக்கத்து வீட்டு ஜன்னல் தெரிந்தால் அப்போதே திருப்பச் சொல்லுங்கள்.

மெகாபிக்சல், அதாவது படத்தில் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை, அதிகமானால் எங்கே மாட்டினாலும் முகம் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். மொட்டைமாடியிலிருந்து கீழே பார்க்கும் 8 மெகாபிக்சல் கேமரா திருடனின் தொப்பியைத்தான் துல்லியமாகக் காட்டும்.