வாடகை வீட்டில் குடியிருப்பவர் மஞ்சள் கடுதாசி கொடுக்கலாமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் திருத்தணி. ஒன்பது ஆண்டுகளாக, எல்லை தாண்டி ஆந்திராவில் இருக்கும் நகரியில் வாடகை வீட்டில் குடியிருந்து விசைத்தறியில் கூலிக்கு நெய்கிறேன். மாதம் ஏறக்குறைய ரூ.14,000 கிடைக்கிறது, வாடகைக்கும் கரண்டுக்கும் ரூ.5,200 போய்விடுகிறது. மனைவியின் அறுவைச் சிகிச்சைக்காகத் தண்டல்காரரிடமும் தெரிந்தவர்களிடமும் வாங்கிய கடன் வட்டியோடு ரூ.3,80,000 ஆகிவிட்டது. அக்கம்பக்கத்தார் ‘ஐ.பி. போட்டுவிடு’, அதாவது திவால் மனுப் போடு என்கிறார்கள். வாடகையைக் கழித்து மிஞ்சும் வருமானம் குறைவாக இருந்தால்தான் திவால் மனு செல்லும், அதனால் வாடகை கூடுதலான வீட்டுக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஒரு காணொளியில் கேட்டேன். இது சரிதானா ஐயா?
— ஒரு வாசகர், நகரி

பதில்: தயவுசெய்து வீடு மாறிவிடாதீர்கள். நீங்கள் கேட்டது அமெரிக்கச் சட்டத்தைப் பற்றிய பேச்சு. 2005இல் அங்கே கொண்டுவந்த திருத்தத்தின்படி, மனுதாரரின் கடைசி ஆறு மாத வருமானம் அவருடைய மாநிலத்தின் இடைநிலை வருமானத்தைத் தாண்டினால், அனுமதிக்கப்பட்ட செலவுகளைக் கழித்துப் பார்ப்பார்கள். அவற்றில் வீட்டுச் செலவும் ஒன்று. ஆனால் அது வட்டாரத்தையும் குடும்பத்தில் உள்ளவர்களின் எண்ணிக்கையையும் பொறுத்து அரசு முன்கூட்டியே வகுத்த தொகை. ஆகவே வேண்டுமென்றே வாடகையை ஏற்றிக்கொள்வதால் அங்கேயும் பெரிய பலன் இல்லை.

நம் பக்கத்தில் நடப்பில் இருப்பது 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் (திவால்) சட்டம். அதன்படி, கடனைத் தீர்க்க இயலாதவராக இருந்து, கடன் ரூ.500ஐ எட்டியிருந்தாலே மனுச் செய்யலாம். நூறாண்டுக்கு முன் வைத்த அந்தத் தொகை இன்றும் அப்படியே இருக்கிறது. வருமான உச்சவரம்பு கிடையாது. வாடகையைக் கழிக்கும் கணக்கும் கிடையாது. எனவே வாடகை உங்கள் தகுதியைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. கடனை அடைக்க முடியவில்லை என்று முதல் நோக்கில் காட்டும்போது, மாத வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடியிருப்புக்கே போகிறது என்பது உங்கள் பேச்சுக்கு வலுச் சேர்க்கும், அவ்வளவுதான்.

ஆனால் வாடகை வேறு வழிகளில் வழக்குக்குள் வரும். சாதாரணமாகக் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக்குரிய நீதிமன்றத்தில்தான் மனுச் செய்ய வேண்டும். ஆதார் அட்டையில் இன்னும் திருத்தணி முகவரியே இருந்தால், நகரிதான் உங்கள் இருப்பிடம் என்று காட்ட வாடகை ஒப்பந்தமும் ரசீதுகளும் கைகொடுக்கும். எல்லைப்புற ஊர்களில் பலர் வாய்ப்பேச்சிலேயே குடிபோவதால் சொல்கிறேன்: ஒப்பந்தம் இல்லையென்றால் இப்போதே எழுதி வாங்குங்கள், பழைய தேதியிட்டு எழுதாதீர்கள்.

இதைவிட முக்கியமானது அட்வான்ஸ். வீட்டுக்காரரிடம் இருந்தாலும் அது உங்கள் பணம், உங்கள் சொத்து. நான் பார்த்த ஒரு வழக்கில் தறிக்காரர் ஒருவர் சொத்துப் பட்டியலில் சைக்கிளையும் மேசை விசிறியையும்கூட எழுதிவிட்டு, அட்வான்ஸ் ரூ.40,000ஐ விட்டுவிட்டார். அவர் தாக்கல் செய்த வாடகை ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்திலேயே அந்தத் தொகை இருந்தது. குறுக்கு விசாரணையில் கடன்காரரின் வக்கீல் அந்த வரியை உரக்கப் படிக்கச் சொன்னபோது அந்த மனிதர் தலை குனிந்து நின்றதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அவருக்கு ஏமாற்றும் எண்ணமே இல்லை. அது சொத்து என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கடைசிக் கட்டமான விடுவிப்பின்போதும், அதாவது கடன்களிலிருந்து நீதிமன்றம் உங்களை விடுவிக்கும்போதும், வாடகை பேசப்படும். நியாயமற்ற ஆடம்பர வாழ்க்கையால் நொடித்தவர் என்று கண்டால் முழு விடுவிப்பை நீதிமன்றம் மறுக்கலாம். கடன் முற்றிய நேரத்தில் பெரிய வீட்டுக்கு மாறினால் அந்தக் குற்றச்சாட்டை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகும். கடனில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 50 காசு அளவுக்குக்கூடச் சொத்து தேறாதபோது, அது தன் குற்றமல்லாத சூழ்நிலையால் நேர்ந்தது என்று மனுதாரர்தான் காட்ட வேண்டும். உங்களுக்கு மருத்துவமனை பில்களே சாட்சி; ஒன்றையும் தொலைத்துவிடாதீர்கள்.

வாடகைப் பாக்கியும் கடன்தான், பட்டியலில் எழுதுங்கள். ஆனால் மனுப் போட்டதால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வது நின்றுவிடாது. நடப்பு மாத வாடகையைத் தவறாமல் கட்டி வாருங்கள். அதே சமயம், மனுவுக்கு முந்தைய மூன்று மாதங்களில் ஒரு கடன்காரரை மட்டும் தேடிப்பிடித்து அடைப்பது செல்லாமல் போகலாம். சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, தொழில் கருவி, தொழிலாளியின் கூலி ஆகியவற்றை ஜப்தி செய்ய இயலாது என்பதை உங்கள் மனைவியிடமும் சொல்லுங்கள். தறிக்கூலியையே பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம் அவருக்கும் இருக்கும்.

2016ஆம் ஆண்டு வந்த புதிய திவால் சட்டத்தில் சிறு கடனாளிகளுக்கென ஒரு புதிய வழி எழுதப்பட்டிருக்கிறது. சொந்த வீடு இல்லாதவருக்கு மட்டுமே அது. ஆனால் ஆண்டின் மொத்த வருமானம் ரூ.60,000ஐயும், சொத்து ரூ.20,000ஐயும், கடன் ரூ.35,000ஐயும் தாண்டக் கூடாது. வாடகையை அங்கேயும் கழிப்பதில்லை. வாடகையே ஆண்டுக்கு ரூ.60,000ஐ ஒட்டி வரும் உங்களைப் போன்றவருக்கு அது எட்டாத கதவு என்பது என்னை வருத்துகிறது. தவிர, அந்தப் பகுதி சாதாரண மக்களுக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

நீதிமன்ற வளாகத்திலுள்ள இலவச சட்ட உதவிக் குழுவை அணுகுங்கள். தொழிலாளி என்பதையும் குறைந்த வருமானத்தையும் சொல்லிக் கேளுங்கள். வாடகை ஒப்பந்தம், அட்வான்ஸ் சீட்டு, கடன் பத்திர நகல்கள், மருத்துவமனை பில்கள் ஆகிய நான்கையும் ஒரே உறையில் எடுத்துச் செல்லுங்கள். தமிழில் எழுதியவற்றுக்குத் தெலுங்கு அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்பார்கள். அதையும் அந்தக் குழுவிடமே கேட்டுப் பாருங்கள்.