செத்தவருக்கு இனி என்ன இன்ஃபெக்‌ஷன் வரப்போவுது, போஸ்ட்மார்ட்டம் கத்திய ஏன் ஸ்டெரிலைஸ் பண்ணுதாங்க?

அண்ணாச்சி, திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி மார்ச்சுவரி வாசல்ல ஒரு சொந்தக்காரர் பாடிக்காக நிக்கும்போது எனக்கும் இதே சந்தேகம் வந்துச்சு. அது செத்தவருக்காக இல்ல, உயிரோட இருக்கவங்களுக்காக. ஆள் போனாலும் கிருமி உடனே போவாதுலா, டிபி கிருமி நுரையீரல்ல இருக்கும், ஹெபடைடிஸ் பி ரத்தத்துல இருக்கும், டாக்டரோ உதவிக்கு நிக்கவரோ கைய லேசா கீறிக்கிட்டா போதும், முந்தின பாடில உள்ளது கூட ஏறிரும்.

1847ல வியன்னாவுல கொலெட்ச்கான்னு ஒரு டாக்டர், பிரேதப் பரிசோதனைல மாணவரோட கத்தி பட்டு செத்தே போனார். அவர் சிநேகிதர் செம்மல்வைஸ் அதப் பாத்துட்டுதான், பிரசவ வார்டுல தாய்மார் சாவுததும் இதே கததான்னு புரிஞ்சு, பிணத்தத் தொட்ட கைய குளோரின் தண்ணில கழுவிட்டு வாங்கன்னாரு. கிருமின்னா என்னன்னே தெரியாத காலம் பாத்துக்கிடுங்க.

பிறகு கேஸ் விஷயம். கத்தில பழைய ரத்தம் ஒட்டிருந்தா டிஎன்ஏ கலந்து குழம்பிரும். கல்ச்சருக்கு, அதாவது கிருமிய வளத்துப் பாக்கதுக்கு, சாம்பிள் எடுக்கதுன்னா கருவி ஸ்டெரைலாவே இருக்கணும், இல்லன்னா வளருத கிருமி யாருதுன்னு எப்படிச் சொல்ல?

மத்தபடி ஆபரேஷன் தியேட்டர் அளவுக்கெல்லாம் தேவையில்ல. ரத்தம் போகத் தேச்சுக் கழுவி, கிருமிநாசினில ஊற வச்சு, முடிஞ்சா ஆட்டோகிளேவ்ங்குத அழுத்த நீராவிப் பெட்டில 121 டிகிரில 15 நிமிஷம் போல வைப்பாங்க. மூளைய அரிக்குத சிஜேடி நோய்க்குத்தான் அது பத்தாது, 134 டிகிரில 18 நிமிஷம் வேணும், இல்லன்னா ஒரு தடவ எடுத்துட்டுத் தூரப் போடுத கருவிதான்.