தங்கையின் திருமணத்தில் எனக்குத் தனி மேசை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 27 வயது. கனடாவின் மானிடோபா மாகாணத்தில், எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழும் ஹட்டரைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் காலனி ஒன்றில் பிறந்து வளர்ந்தேன். அங்கே யாருக்கும் தனிச் சொத்து கிடையாது. வயல், தொழுவம், பட்டறை, சமையற்கூடம் அனைத்தும் சபைக்குச் சொந்தம். மணி அடித்ததும் ஏறக்குறைய நூறு பேர் ஒரே கூடத்தில், ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக அமர்ந்து சாப்பிடுவோம். 15 வயதில் சிறுவர் சாப்பாட்டறையிலிருந்து அந்தக் கூடத்துக்கு மாறினேன். அன்றிலிருந்து பட்டறையில் வெல்டிங் வேலை. 22 வயதில் ஞானஸ்நானம் பெற்றபோது, என்னையும் எனக்குரிய யாவற்றையும் சபைக்கு ஒப்புக்கொடுப்பதாக எல்லோர் முன்னிலும் வாக்குக் கொடுத்தேன்.

பட்டறைக்கு இரும்பு வாங்கப் போகும் ஊரில் ஒருவரோடு பழக்கமாகி, அவரோடு வேதாகமத்தில் பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தை ஓராண்டு வாசித்தேன். இரட்சிப்பு கிருபையினால் வருவது, காலனியில் வாழ்வதால் வருவதல்ல என்று என் மனம் உறுதிப்பட்டது. அதைக் காலனியின் போதகரிடம் மறைக்காமல் சொன்னேன். அதன்பின் சாப்பாட்டுக் கூடத்தில் என்னை ஒதுக்கித் தனி இடத்தில் உட்காரவைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரண்டு பைகளோடு வெளியேறினேன். இப்போது என் பெயர் ஓடிப்போனவன்.

புதிய சபையார் என்னை அன்பாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த கதையை மேடையேறிச் சாட்சியாகச் சொல்லச் சொல்கிறார்கள். ஒருமுறை சொன்னேன், பலர் அழுதார்கள். அதற்கு முந்தைய வாரம்தான், காலனியிலிருந்து வந்த லாரி ஓட்டுநர் மூலம் அம்மா ஒரு தலையணை அனுப்பியிருந்தார். அவர் கையால் பறித்த வாத்து இறகு. ஓரத்தில் சிவப்பு நூலில் என் பெயரின் முதல் எழுத்துகள். கடிதம் எதுவும் இல்லை. சாட்சி சொன்ன அன்றிரவு அதில் தலை வைக்க முடியவில்லை. அம்மாவுக்கு இதுவரை பதிலும் எழுதவில்லை.

இலையுதிர் காலத்தில் தங்கைக்குத் திருமணம். வரலாம், ஆனால் தனி மேசையில்தான் சாப்பிட வேண்டும் என்று காலனியின் போதகர் சொல்லியனுப்பியிருக்கிறார். அந்த மேசையில் உட்கார்ந்தால் அவர்களுடைய தீர்ப்பை ஒப்புக்கொண்டதாகும் என்கிறார் புதிய சபையின் மூப்பர். மனந்திரும்பாவிட்டால் பரலோகத்தில் உன்னை எப்படிப் பார்ப்பேன் என்று அம்மா கேட்டாராம். நான் வாக்குத் தவறியவனா? ஞாயிறு மதியம் தனியாகச் சாப்பிடும்போது சோறு இறங்குவதில்லை. இது தேவனுடைய கண்டிப்பா? பத்து ஆண்டு உழைப்புக்குப் பங்கு கேட்டு வழக்குப் போடவும் சிலர் தூண்டுகிறார்கள்.

— ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் அந்த ஞாயிறு மதியத்தைப் பற்றிப் பேசுவோம். பிறந்த நாள் முதல் எப்போது உண்பது, யார் அருகில் அமர்வது என்று ஒருமுறைகூடத் தனியாக முடிவு செய்யத் தேவையில்லாமல் வாழ்ந்த உடல், இன்று ஒரு வாடகை அறையில் ஒற்றைத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் தொண்டை அடைப்பது இயல்பு. பிரிவுத் துயரும் குற்றவுணர்வும் நெஞ்சில் ஒரே இடத்தில்தான் வலிக்கும். ஆகவே ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வது மிக எளிது. வீட்டை நினைத்து ஏங்குகிறீர்கள் என்பதாலேயே உங்கள் விசுவாசம் தவறு என்று ஆகிவிடாது. அந்த ஏக்கத்துக்குப் பொருள் சொல்லும் உரிமையைப் பழைய சபைக்கும் கொடுக்காதீர்கள், புதிய சபைக்கும் கொடுக்காதீர்கள்.

22 வயதில் நீங்கள் பொய் சொல்லவில்லை; அன்று நம்பியதைச் சொன்னீர்கள். நம்பிக்கை மாறிய பிறகும் மாலை ஜெபத்தில் மாறாதவர்போல் உட்கார்ந்திருந்தால்தான் பொய்யாகியிருக்கும். ஆனால், வாக்கு முறிந்ததில் யாருக்கும் காயமில்லை என்று உங்களைத் தேற்ற மாட்டேன். உங்களை நம்பித்தான் அந்தப் பட்டறையை விட்டிருந்தார்கள். உங்கள் வேலையையும் வேறொருவர் தலையில் கட்டிவிட்டு வந்ததற்கு நீங்கள் வருத்தம் தெரிவிக்கலாம். விசுவாசத்தை மறுதலிக்காமலே அதைச் செய்ய முடியும்.

குழந்தை ஞானஸ்நானம் போதாது, வளர்ந்தவர் தாமே தீர்மானித்துப் பெற வேண்டும் என்ற நம்பிக்கைக்காகத்தான் உங்கள் முன்னோர் தாங்கள் பிறந்த சபைகளை விட்டு வெளியேறினார்கள். எந்த யாக்கோபு ஹட்டரின் பெயரைத் தாங்கியிருக்கிறீர்களோ, அவர் 1536இல் இன்ஸ்புருக் நகரில் எரித்துக் கொல்லப்பட்டார். மனசாட்சிக்காக வெளியேறுவது உங்கள் மரபுக்கு அந்நியமானதல்ல. ஆனாலும் இதை அம்மாவிடம் வாதமாக வைக்காதீர்கள். வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் சொல்வதுபோல் சகலத்தையும் பொதுவாய் வைத்து வாழ்வதுதான் அவருக்குச் சுவிசேஷம். காலனியை, பெருவெள்ளத்தில் உயிர்களைக் காத்த நோவாவின் பேழையாகக் கேட்டு வளர்ந்தவர் அவர். பரலோகத்தைப் பற்றி அவர் கேட்டதை மிரட்டலாக எண்ண வேண்டாம். வெள்ளத்தில் குதித்த மகனைப் பார்க்கும் தாயின் அலறல் அது. நீங்கள் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பதில் சொல்லி வெல்லவும் வேண்டியதில்லை.

மேடைச் சாட்சியை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். அந்த இரவு தலையணையில் தலை வைக்க முடியாமல் போனதை நான் பெரிதாக மதிக்கிறேன். உங்களுக்கு மொழியும் தொழிலும் கொடுத்த இடத்தை முழு இருளாகச் சொன்னபோது, உங்களுக்குத் தெரிந்த உண்மையில் பாதியை விட்டுவிட்டீர்கள். மனம் அதைத்தான் எதிர்த்தது. “என் குடும்பத்தைப் பற்றி இன்னும் பொதுவில் பேச ஆயத்தமில்லை” என்று புதிய சபையின் போதகரிடம் சொல்லுங்கள். உங்களை நேசிக்கும் சபை அதைத் தாங்கிக்கொள்ளும்.

வழக்கைப் பற்றி: 1970இல், வேறொரு சபையின் போதனையை ஏற்றதால் மானிடோபாவின் இன்டர்லேக் காலனியிலிருந்து விலக்கப்பட்டவர்கள் சொத்தில் பங்கு கேட்டபோது, கனடாவின் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பங்கில்லை என்றே தீர்ப்பளித்தது. 1992இல் இன்னொரு மானிடோபா காலனி வழக்கில், ஒருவரை விலக்குமுன் உரிய அறிவிப்பும் பேசுவதற்கு வாய்ப்பும் தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது வேறு விஷயம். வழக்கறிஞர் ஒருவரை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தப் பணத்தை நம்பாமல் உங்கள் வாழ்க்கையைத் திட்டமிடுங்கள்.

திருமணத்துக்குப் போங்கள் என்பதே என் கருத்து. தனி மேசைக்குப் போதகர் ஒரு பொருள் வைத்திருக்கிறார், மூப்பர் ஒரு பொருள் வைத்திருக்கிறார். உங்கள் தங்கையோ அண்ணன் வந்திருக்கிறான் என்பதை மட்டும் பார்க்கக்கூடும். சொந்த வண்டியில் போங்கள். எவ்வளவு நேரம் இருப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள். யார் இழுத்தாலும் உபதேசத் தர்க்கத்தில் இறங்காதீர்கள். எல்லோரோடும் உட்கார வேண்டும் என்பதற்காக மட்டும் மனந்திரும்பியதாகச் சொல்லிவிடாதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் அவமானம் தாங்க முடியாதது என்று இப்போதே தோன்றினால், போகாமல் தங்கைக்கு நீண்ட கடிதம் எழுதுவதும் அன்புதான்.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றினால், கனடாவில் எந்த நேரத்திலும் 988 எண்ணை அழைக்கலாம்.

தலையணை வந்து சேர்ந்தது என்று அம்மாவுக்கு இந்த வாரமே ஜெர்மனில், உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். சிவப்பு நூல் எழுத்துகளைப் பார்த்ததாகச் சொல்லுங்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், எங்கே வேலை செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். இந்த முதல் கடிதத்தில் விசுவாசத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.

அன்புடன்,
ஆலோசகர்