கை நனைக்காத விருந்தாளி

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டு முகப்பில் கஜலட்சுமிக்கு இருபுறமும் சிறகு வைத்த இரண்டு சுதைப் பொம்மைகள் இருக்கின்றன. வெள்ளைக்காரத் தேவதைகள் நம் வீட்டில் எதற்கு என்று மகள் கேட்கிறாள். ஏஞ்சல், மலக்கு, நம் கந்தர்வர் எல்லாம் ஒன்றுதானா? மராமத்துப் பார்க்கும்போது அந்தப் பொம்மைகளை எடுத்துவிடலாமா என்றும் யோசனை.

எஸ்., காரைக்குடி

அன்புள்ள எஸ்.,

ஒரு வாரமாக பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 18-ஆம் அதிகாரத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

பொம்மைகளை எடுக்கும் யோசனையை இன்றே விடுங்கள். உங்கள் மகள் ‘எதற்கு’ என்றுதானே கேட்டாள்? ‘எடு’ என்றா சொன்னாள்?

கந்தர்வர்கள் தேவலோகத்துப் பாடகர்கள். அவர்களை இதில் இழுக்க வேண்டாம். எபிரேயத்தில் மலாக், அரபியில் மலக், கிரேக்கத்தில் ஆங்கெலோஸ்; மூன்றுக்கும் அடியில் தூது என்ற பொருள்தான் இருக்கிறது. பைபிளில் ஏசாயா தீர்க்கதரிசி கண்ட சேராபீன்கள் என்ற வானவர்களுக்கு ஆறு சிறகுகள், சரி. ஆனால் ஆபிரகாமின் கூடாரத்துக்கு உச்சிவெயிலில் வந்த மூவருக்குச் சிறகே இல்லை. வழிப்போக்கர்களாக வந்தார்கள். ஆபிரகாம் ஓடிப்போய் வணங்கிக் கால் கழுவத் தண்ணீர் தருகிறார். சாராள் மாவு பிசைகிறாள். வெண்ணெய், பால், இளங்கன்றின் கறி. அவர்கள் மரத்தடியில் சாப்பிட, அவர் பக்கத்திலேயே நிற்கிறார். நம் ஊரில் பந்தி விசாரிப்பவர் நிற்பாரே, அப்படி.

இதே கதை குர்ஆனிலும் வருகிறது, ஆனால் அங்கே அவர்கள் சாப்பிடுவதில்லை. பொரித்த கன்றை முன்னால் வைத்தும் கை நீளவில்லை. அதைக் கண்டு இப்ராஹீமுக்கு, அதே ஆபிரகாமுக்குத்தான், பயம் வந்துவிடுகிறது. பயப்படாதீர் என்று அவர்களே சொல்ல வேண்டியிருக்கிறது. அப்புறம்தான் மகன் இஸ்ஹாக் பிறப்பான் என்ற நற்செய்தி. எதற்கு அந்தப் பயம் என்று விரிவுரை தேடுகிறவர்கள் செட்டிநாட்டு வீட்டில் ஒருநாள் இருந்து பார்க்கட்டும். கை நனைக்காமல் எழுந்து போகிறவன் உறவாக வந்தவன் இல்லை என்பது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

எனக்கு ஒன்பது வயது. பங்காளி ஒருவர் வந்திருந்தார். அப்பத்தா பட்டாலையில் தடுக்கு விரித்து இலை போட்டாள். சோறு, பருப்பு, நெய், வாழைக்காய் வறுவல். அவர் சொத்துப் பேச்சை மட்டும் பேசினார். இலைப்பக்கம் திரும்பவே இல்லை. நெய்க்கரண்டியைப் பிடித்திருந்த அப்பத்தாவின் கை நடுங்கியது. ‘ஒரு வாய், அப்பச்சி, ஒரே ஒரு வாய்’ என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

பயப்படாதே என்று சொல்ல அன்று யாரும் இல்லை. ஆறின சோற்றோடு இலையை அவளே எடுத்துக்கொண்டு பின்கட்டு மாட்டிடம் போனாள். மாடு தின்று முடிக்கும்வரை அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.