மூன்றாவது பேட்டரி வாங்கும் முன் மூன்று மஞ்சள் ஒயர்களைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 2019-ஆம் ஆண்டு வாங்கிய 350 சிசி மோட்டார் சைக்கிள். பதினான்கு மாதங்களில் இரண்டு பேட்டரிகள் மாற்றிவிட்டேன். இப்போதும் காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘கட கட’வென்ற சத்தம் மட்டுமே வருகிறது. ஃபாக் லைட் இரண்டும், ஜிபிஎஸ் கருவி ஒன்றும் தனியாகப் பொருத்தியிருக்கிறேன். மெக்கானிக் மறுபடியும் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? (வாசகர், திண்டுக்கல்)

மாற்றாதீர்கள். கீழே மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்றால் மாடியில் இருக்கும் தொட்டியை மாற்றி என்ன பயன்? அடுத்தடுத்து இரண்டு பேட்டரிகள் செத்திருக்கின்றன. சார்ஜ் வந்து சேரவில்லை, அல்லது வந்த சார்ஜ் எங்கோ கசிகிறது. எது என்று சொல்ல, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

முதலில் பேட்டரியைக் கழற்றி வெளியே முழுதாகச் சார்ஜ் செய்துவிடுங்கள். செத்த பேட்டரியை வைத்துக்கொண்டு எடுக்கும் அளவுகள் எல்லாம் பொய் சொல்லும். சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியின் மேலும் சந்தேகம் கொள்ளலாம்.

பிறகு வண்டியில் பொருத்தி, என்ஜினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளிலேயே மீட்டரை வையுங்கள். ஆக்ஸிலரேட்டரை மெல்ல முறுக்கும்போது வோல்ட் 13.8-லிருந்து 14.5-க்குள் ஏறி நின்றால் சார்ஜிங் சரி. முறுக்க முறுக்க 12-லேயே கிடந்தாலோ, இறங்கினாலோ சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. அது பேட்டரியைக் கொதிக்க வைத்தே கொன்றுவிடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. என்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, “வண்டி நிற்கவில்லை, சார்ஜிங் நன்றாக இருக்கிறது” என்று சொல்லும் பழக்கம் இன்னும் பல பட்டறைகளில் இருக்கிறது. கிக்கர் காலத்து வித்தை அது. பேட்டரி இல்லாமல் ஓடும்போது வோல்ட் கட்டுப்பாடின்றி எகிறும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால், என்ஜினை இயக்கும் கணினியான இசியூவே போய்விடலாம். உங்கள் வண்டியில் யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

சார்ஜ் வரவில்லை என்று தெரிந்தால், மீட்டருக்கு முன் கண்ணுக்கு வேலை கொடுங்கள். என்ஜினுக்குள் இருந்து மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர் காயிலிலிருந்து மூன்று ஒயர்கள், பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், ரெகுலேட்டருக்குப் போகும். நடுவில் அவற்றை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக், அதாவது கப்ளர். நான் பார்த்த பழுதுகளில் பாதிக்கு மேல் அந்தக் கப்ளரில்தான் இருந்தன. ஒரு வண்டியில் வெள்ளை பிளாஸ்டிக் கருகி, டீக்கறை நிறத்தில் உப்பியிருந்தது. பிரித்தபோது ஒரு பின் ஒயரோடு உதிர்ந்து கையில் வந்தது. வாட்டர் சர்வீஸில் அடித்த தண்ணீர் உள்ளே இறங்கி, செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. களிம்பு ஏறினால் மின்தடை கூடும், தடை கூடினால் சூடு, சூடானால் பின் இன்னும் தளரும். அவரும் இரண்டு பேட்டரிகள் மாற்றிவிட்டுத்தான் வந்திருந்தார். கப்ளரின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் இருக்காது.

கப்ளர் சுத்தமாக இருந்தால், அதைப் பிரித்துவிட்டு என்ஜினை ஓடவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, காயில் பக்கத்து மஞ்சள் ஒயர்களை இரண்டிரண்டாக அளக்க வேண்டும். முறுக்கினால் 50 வோல்ட்டைத் தாண்டும் என்பதால் பின்களைக் கையால் தொடாதீர்கள். எத்தனை வோல்ட் என்பது மாடலுக்கு மாடல் மாறும். மூன்று ஜோடிகளும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டுகின்றனவா என்பதே முக்கியம். ஒரு ஜோடி மட்டும் குறைந்தால் காயில் போய்விட்டது. என்ஜினை அணைத்து, மீட்டரைக் கன்டினியூட்டி (பீப்) நிலைக்கு மாற்றி, மஞ்சள் ஒயருக்கும் என்ஜின் பாடிக்கும் இடையே மீட்டர் ‘பீப்’ அடித்தாலும் அதே தீர்ப்புதான். அதே தடிமன் செம்புக் கம்பியில், சூடு தாங்கும் வார்னிஷ் போட்டுக் காயில் கட்டித் தருபவர் கிடைத்தால் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

காயில் சரி, எர்த் ஒயரும் இறுக்கமாக இருக்கிறது என்றால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். புதியதைக் காற்றுப் படும் இடத்திலேயே பொருத்துங்கள். பல வண்டிகளில் அது உபரி மின்சாரத்தைச் சூடாக்கித்தான் வெளியேற்றுகிறது.

உங்கள் ஃபாக் லைட்டுகளுக்கு வருவோம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அதற்கு மேல் 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு என்றால் கூடுதலாக 8 ஆம்பியர். டவுன் நெரிசலில் என்ஜின் மெதுவாகச் சுழலும்போது காயிலால் அதை ஈடுகட்ட முடியாது. எல்இடிக்கு மாறுங்கள், அல்லது ஹைவேயில் மட்டும் போடுங்கள்.

ஓடும்போது 14 வோல்ட் காட்டியும் காலையில் பேட்டரி இறங்கியிருந்தால், திருடன் ஜிபிஎஸ் கருவியாக இருக்கலாம். சாவியை எடுத்த பிறகும் அது மின்சாரம் குடிக்கும். அதன் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, வண்டியை இரண்டு இரவுகள் நிறுத்திப் பாருங்கள்.