இக்னிஷன் சர்வர் பேக்கப்: கேளுங்கள், சொல்கிறேன்

ஆலை இயந்திரங்களைத் திரையில் கண்காணித்து இயக்கும் இக்னிஷன் ஸ்காடா மென்பொருளுக்கு சர்வர்களை நிறுவிக் கொடுத்தே காலம் தள்ளுகிறவன் நான். இன்றைக்கு பேக்கப், ரீஸ்டோர் கேள்விகள் மட்டும். சொல்வதெல்லாம் 8.1 பதிப்புக்கு.

கேட்வே பேக்கப் எடுத்து வைத்தால் மொத்த சர்வரும் அதில் வந்துவிடுமா சார்?

வராது. கேட்வே, அதாவது இக்னிஷனின் சர்வர் மென்பொருள், பேக்கப்பாகத் தரும் ஜிடபிள்யூபிகே (.gwbk) கோப்பு ஒரு ஜிப்தான். பிரதி எடுத்து, பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். ப்ராஜெக்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர், பக்கத்தில் ஐடிபி என்று முடியும் ஒரு எஸ்கியூலைட் கோப்பு. டேக் (சென்சார் போன்றவற்றின் மதிப்புக்கு வைத்த பெயர்), டிவைஸ், டேட்டாபேஸ் இணைப்பு, அலாரம் அமைப்பு எல்லாம் அதற்குள். கவனியுங்கள், டேட்டாபேஸுக்கான இணைப்புதான் இருக்கிறது, டேட்டாபேஸ் இல்லை. டேக் ஹிஸ்டரி, அதாவது அந்த மதிப்புகளின் பழைய பதிவு, வெளியே மைஎஸ்கியூஎல் போன்ற ஒன்றில், மாற்றாமல் விட்டிருந்தால் மாதத்துக்கு ஒரு டேபிளாகக் கிடக்கும். அதற்குத் தனி பேக்கப் வேண்டும்.

ஒரு ஆலையில் 3 வருட பாய்லர் ட்ரெண்ட் இப்படித்தான் போனது. சர்வர் அரை மணியில் எழுந்துவிட்டது, திரைகள் அழகாக வந்தன. ட்ரெண்டைத் திறந்தால் வெறும் கட்டம்.

தினமும் தானாக எடுக்க முடியுமா?

முடியும். கேட்வே செட்டிங்ஸிலேயே ஃபோல்டர், நேரம், எத்தனை கோப்பு வைத்துக்கொள்வது என்று மூன்றும் கேட்கும். சி டிரைவைக் கொடுக்காதீர்கள், டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். இசட் டிரைவ் என்று மேப் செய்ததும் உதவாது. அது உங்கள் லாகினுக்குத்தான் தெரியும், பின்னால் ஓடும் சர்வீஸுக்குத் தெரியாது. முழு நெட்வொர்க் பாதையைக் கொடுத்து, சர்வீஸ் ஓடும் கணக்குக்கு எழுதும் உரிமையும் கொடுங்கள். அப்புறம், எடுத்ததை ஒரு தடவையாவது வேறு கணினியில் போட்டுப் பாருங்கள்.

பி.எல்.சி., அதாவது இயந்திரத்தை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவி, அதன் புரோகிராமும் அதில் வருமா?

வராது.

அண்ணா, என் லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்து பார்க்கப் போகிறேன். எதற்காவது பயப்பட வேண்டுமா?

நல்ல வேளை, முன்னாலேயே கேட்டாய் தம்பி. லேப்டாப் ஆலை நெட்வொர்க்கில் இருந்தால், எழுந்த நிமிடமே அது தன்னையும் நிஜ சர்வர் என்றுதான் நினைக்கும். அதே பி.எல்.சி.யோடு பேசும், அதே டேபிளில் எழுதும். எனக்கே நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு அலாரமும் மேனேஜருக்கு இரண்டிரண்டாகப் போனது. அவர் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது. ரீஸ்டோர் பக்கத்தில் ‘ரீஸ்டோர் டிசேபிள்டு’ என்று ஒரு டிக் பெட்டி உண்டு, அதைப் போடு. நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கிவிடு. லேப்டாப்பில் முன்பு இருந்த அமைப்பு மொத்தமும் அழிந்துவிடும், ஒன்றோடு ஒன்று சேராது. லைசென்ஸும் கூட வராது. 2 மணி நேர ட்ரயல் போதும்.

8.1 பேக்கப்பை 8.0 சர்வரில் போடலாமா?

முடியாது. பழைய பேக்கப் புதிய பதிப்பில் ஏறும், புதியது பழையதில் இறங்காது.

மாஸ்டர், பேக்கப் என்று இரண்டு சர்வர், ஒன்று விழுந்தால் மற்றது ஏற்கும்படி ரிடண்டன்சியில் ஓடுகின்றன. பிறகு எதற்கு இதெல்லாம்?

மாஸ்டரில் ஒருவர் டேக் ஃபோல்டரை அழித்தால் அந்த அழிப்பும் இரண்டாவது சர்வருக்குப் போய்ச் சேரும். அந்த சர்வருக்குப் பெயர் மட்டும்தான் பேக்கப்.

விஎம்வேர் ஸ்னாப்ஷாட் ஒன்று போதும். நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

ஸ்னாப்ஷாட் என்பது விஎம்மின், அதாவது சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினியின், ஒரு நேரத்து நிலை. அது விஎம் இருக்கும் அதே ஸ்டோரேஜில் கிடக்கிறது. ஒரே ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது.

விண்டோஸும் மற்ற டிரைவர்களும் ஜிடபிள்யூபிகேவில் இல்லையே?

சரி, அது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முழு விஎம் பேக்கப்பை வேறு இடத்தில் எடுங்கள். ஆனால் ஒரே ஒரு ஸ்கிரீன் பழையபடி வேண்டும் என்றால் மொத்த விஎம்மையும் பின்னால் இழுப்பீர்களா?

இதுவரை தேவைப்பட்டதில்லை.

ஸ்னாப்ஷாட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

ஹிஸ்டரியும் பேக்கப்பில் வந்துவிடும்தானே சார்?

முதல் பதில். மூன்றாவது ஆளாகக் கேட்கிறீர்கள். ஸ்னாப்ஷாட் நண்பரே, கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பார்த்ததில்லை. போன பொங்கலுக்கு எடுத்தது, அப்படியே இருக்கிறது.

ஸ்னாப்ஷாட் நாளாக ஆக வீங்கிக்கொண்டே போகும். இன்று ஷிப்ட் முடிவதற்குள் ஸ்டோரேஜில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள்.