அத்தை மகன் டீமை ஏன் எடுக்கவில்லை?

கேள்வி: அமெரிக்காவில், மிச்சிகனில் இருக்கிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பு, பள்ளி ரோபோட்டிக்ஸ் டீமுக்குக் கேப்டன். என் அக்கா பக்கத்து ஊரில் இருக்கிறாள், அவள் மகன் வேறு பள்ளி டீமில் இருக்கிறான். மார்ச்சில் நடந்த டிஸ்ட்ரிக்ட் போட்டியில் இரண்டு டீமும் கலந்துகொண்டன. தகுதிச் சுற்று முடிந்தபோது மகளின் டீம் 2வது இடம், அக்கா மகனின் டீம் 14வது. கடைசி இரண்டு மேட்ச்சில் அவர்கள் ரோபோ நடுவில் நின்றுபோனது உண்மைதான். ஆனால் கடைசிக் கட்டமான பிளேஆஃபுக்கு மூன்று மூன்று டீமாக அலையன்ஸ் சேர்க்கும்போது மகள் அவர்களைக் கூப்பிடவே இல்லை. இரண்டாவது பார்ட்னராக 31வது இடத்தில் இருந்த ஏதோ ஒரு டீமைக் கூப்பிட்டாள். அக்கா மகனின் டீமை வேறு யாரும் எடுக்கவில்லை. முதல் நாள் ராத்திரி அக்கா வீட்டில் சாப்பிடும்போது, "அதெல்லாம் நம்ம பொண்ணு பாத்துக்குவா" என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். இப்போது அக்கா என் போனையே எடுப்பதில்லை. அத்தையிடம் ஒரு சாரி சொல்லிவிடு என்றால் மகள் முடியாது என்கிறாள். அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்: அவளுக்குப் புரிய வைக்க ஒன்றும் இல்லை தம்பி. உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

இந்த மாதிரிக் கடிதம் வராத வருஷம் கிடையாது. ஒரு வருஷம் பாட்டுப் போட்டி, ஒரு வருஷம் கல்யாண மண்டபம், இந்த வருஷம் ரோபோ. எல்லாமே பிள்ளை சொல்பேச்சு கேட்கவில்லை என்று ஆரம்பிக்கும், நடுவில் எங்கேயோ பெரியவர் ஒருவர் பண்ணிவைத்த காரியம் ஒரே வரியில் பதுங்கிக் கிடக்கும். உங்கள் கடிதத்தில் அது ராத்திரிச் சாப்பாடு.

அந்த ராத்திரி உங்கள் மகள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று தெரியுமா? இந்தப் போட்டியில் ஒரு மேட்ச்சுக்கு ஆறு ரோபோ, மூன்றுக்கு மூன்று. கேலரியில் ஆறு பிள்ளைகள் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு ரோபோவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எத்தனை முறை ஸ்கோர் செய்தது, எங்கே தடுமாறியது, எப்போது நின்றது, எல்லாவற்றையும் டேப்லெட்டில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான் மாட்டுவார்கள், ஜாய்ஸ்டிக்கைத் தொடக்கூட அவர்களுக்கு வாய்ப்பு வராது. வெள்ளிக்கிழமை ராத்திரி அதையெல்லாம் நடுவில் வைத்து, யார் முதலில், யார் அடுத்து, யார் வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டு ஒரு பிக் லிஸ்ட் போடுவார்கள். அங்கே அது நடந்துகொண்டிருந்தபோது நீங்கள் இங்கே ரசத்தை ஊற்றிக்கொண்டே, தேர்தல் கூட்டணியில் தொகுதி ஒதுக்குகிற மாதிரி ஒரு இடத்தை அக்காவுக்கு ஒதுக்கிவிட்டீர்கள். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? அது உங்களுடையதும் இல்லை, உங்கள் மகளுடையதும் இல்லை. மைக்கில் டீம் நம்பரைச் சொல்வது கேப்டன், அந்த நம்பருக்காக இரண்டு நாள் கண்ணை எடுக்காமல் பார்த்தவர்கள் வேறு பிள்ளைகள்.

அப்புறம் அந்த 31வது டீம். இதைச் சொல்லும்போது உங்கள் எழுத்திலேயே ஒரு இளக்காரம் தெரிகிறது. தகுதிச் சுற்றில் நம்மோடு சேர்ந்து ஆடுகிற இரண்டு டீமை அட்டவணைதான் முடிவு செய்கிறது. ஆளுக்குப் பன்னிரண்டு மேட்ச், அதில் பார்ட்னர் சரியில்லாமல் போனால் நல்ல ரோபோகூடக் கீழே கிடக்கும், பார்ட்னர் புண்ணியத்தில் சுமாரான ரோபோ மேலே நிற்கும். அதனால்தான் ரேங்க்கை மட்டும் பார்த்துக் கூப்பிடக் கூடாது என்று இத்தனை பிள்ளைகளை உட்கார வைத்துக் குறிப்பு எடுக்கிறார்கள். ரேங்க்கில் மேலே இருக்கிற எட்டு டீமின் கேப்டன்கள்தான் பார்ட்னரைக் கூப்பிடுவார்கள். முதல் சுற்றில் ஒன்றிலிருந்து எட்டு வரை அழைப்பார்கள், இரண்டாவது சுற்று எட்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்பும். அதாவது 2வது கேப்டனான உங்கள் மகளுக்கு இரண்டாவது வாய்ப்பு வந்தது 15வது அழைப்பில். நன்றாக ஸ்கோர் செய்கிற ரோபோ எல்லாம் அதற்குள் போயிருக்கும். அந்த இடத்தில் புத்தியுள்ள கேப்டன் தேடுவது, எதிராளிக்குக் குறுக்கே நின்று டிஃபென்ஸ் ஆடக்கூடிய, முக்கியமாக ஆட்டத்தின் நடுவில் நின்றுபோகாத ஒரு ரோபோவை. 2023லிருந்து பிளேஆஃபில் இரண்டு முறை தோற்றால்தான் வெளியே போக வேண்டும், அதனால் ஒரே மத்தியானத்தில் மேட்ச் மேல் மேட்ச் வரும். கடைசி இரண்டு மேட்ச்சில் நின்றுபோன ரோபோவை அதற்குள் இழுத்துக்கொண்டு போக எந்தக் கேப்டனுக்குத் துணிச்சல் வரும்?

வரவில்லை. எட்டு கேப்டன்கள், ஆளுக்கு இரண்டு, மொத்தம் பதினாறு அழைப்பு. ஒன்றுகூட அக்கா மகனுக்கு வரவில்லை. பதினாறில் உங்கள் மகள் கூப்பிட்டது இரண்டுதான், மீதிப் பதினான்கும் வேறு ஏழு பேர் கூப்பிட்டது. அந்த ஏழு பேர் மேல் அக்காவுக்குக் கோபம் உண்டா? கிடையாது, ஏனென்றால் அவர்களுடைய அப்பா யாரும் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாக்குக் கொடுக்கவில்லை.

அக்கா பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மிச்சிகனில் அலையன்ஸில் சேர்வதற்கே புள்ளி உண்டு, 17லிருந்து அழைப்பின் வரிசை எண்ணைக் கழித்தால் வருவதுதான் கணக்கு. அந்தப் புள்ளியெல்லாம் மாநிலப் போட்டிக்குப் போவதற்குச் சேரும். ஆனால் 15வதாகப் போயிருந்தால் அந்தக் கணக்கில் கிடைத்திருக்கக்கூடியது 2 புள்ளி, ஜெயித்திருந்தால் அதற்குத் தனி. நின்றுபோகிற ரோபோவோடு எத்தனை ஜெயித்திருப்பார்கள் என்பதை நீங்களே யோசியுங்கள்.

என்னைப் பல வருஷமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், சொந்தமா வேறு எதுவுமா என்று வந்தால் நான் சொந்தத்தின் பக்கம் நிற்கிற ஆள். பிள்ளைகளை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடுங்கள், உறவெல்லாம் எதற்கு என்று எழுதுகிற ரகம் இல்லை. அதனாலேயே உங்கள் மேல் கோபம் வருகிறது. அந்தப் பையனுக்கு நீங்கள் தாய்மாமன். தாய்மாமன் செய்ய வேண்டியதைத் தன் கையிலிருந்து செய்ய வேண்டும், மகளின் மடியிலிருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது. இத்தனை நீளக் கடிதத்தில் அவனைப் பற்றி, அவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை உண்டா? பதினாறு நம்பர் கூப்பிட்டு முடித்ததும், ரோபோவைச் சரிபார்க்கிற இடமான பிட்டில் அந்தப் பிள்ளைகள் பேட்டரியைக் கழற்றி, டூல்பாக்ஸை மூடி, ரோபோவை வண்டியில் ஏற்றியிருப்பார்கள். மகளின் பிளேஆஃபுக்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் மாமா அங்கே போய் நின்றாரா? போயிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

சரி, இப்போது என்ன செய்வது. போன் போடுவதை விடுங்கள், நேரில் போங்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அக்கா வீட்டுக்காரரும் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போய், "என் கையில் இல்லாததைத் தருகிறேன் என்று சொன்னேன், தப்பு என்னுடையது" என்று சொல்லுங்கள். ரோபோ நின்றதைப் பற்றியோ, நான் மேலே சொன்ன கணக்கைப் பற்றியோ அங்கே வாயைத் திறக்கக் கூடாது. அது உங்களுக்காகச் சொன்னது. அக்கா நாலு வார்த்தை திட்டுவாள், வாங்கிக்கொள்ளுங்கள்.

மகள் சாரி சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நம்பிக் கொடுத்த லிஸ்ட்டைக் காப்பாற்றியதற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னால், அடுத்த முறை அவர்களை ஏமாற்றிவிட்டு உங்களைத் திருப்திப்படுத்துவாள். அதைத்தான் கற்றுக்கொடுக்கப் போகிறீர்களா?

மிச்சிகன் டீம்களுக்கு டிஸ்ட்ரிக்ட் போட்டி இரண்டு உண்டு. அக்கா மகனுக்கு இன்னொன்று பாக்கி இருந்தால் லீவு போட்டுவிட்டுப் போய் கேலரியில் உட்காருங்கள், உங்கள் மகளின் டீம் அங்கே இல்லாவிட்டாலும். அதற்கு முன்னால் மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள், கட்டளையாகச் சொல்லாதீர்கள்: அவன் ரோபோவைப் பற்றி அவர்கள் எடுத்த ஸ்கவுட்டிங் குறிப்பை அவனுக்கு அனுப்ப முடியுமா என்று. எதிர் டீமுக்கே பேட்டரி கடன் கொடுக்கிற வழக்கம் அந்தப் பிள்ளைகளுக்குள் உண்டு, அதனால் குறிப்பு ஏற்கெனவே போயிருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், நீங்கள்தான் சாரியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்களே.